துண்டுக்கடியில் ஒரு விரல்

நத்தானியேல் மாஸ்டரின் கண்ணுக்கு மாதம் முப்பத்தெட்டாயிரம் ரூபாய் விலை. பிரவுன் நிறத்தில் மட்டும் நாற்பது வகை பிரித்துச் சொல்லும் கண் அது. ஆம்பூரில் அதற்கு ஜோடி கிடையாது. அதை அவ்வளவு மலிவாகப் பேசி முடித்த முதலாளி, கம்ப்யூட்டருக்கும் இலவச லினக்ஸ் போதும் என்றார். போட்டுக் கொடுத்தவன் நான், காஷிஃப்.

மாஸ்டர் இறந்த நாற்பதாம் நாள் அந்தத் தோல் ஃபேக்டரியிலிருந்து கூப்பிட்டார்கள். காலை பதினோரு மணி. தோலுக்கு நிறம் கலந்து பார்க்கும் ஷேட் ரூமில் வடக்கு ஜன்னல் வெளிச்சமும், சாயத்தில் ஊற்றும் தின்னர் வாடையும். மாஸ்டரின் உதவியாளர் ஹெலன் தூங்காத கண்களோடு நின்றாள்.

"இன்னா மேடம், மெஷின் பேஜார் பண்ணுதா?"

"ஜோக்கு வேணாம் பாய். பாஸ்வேர்ட் எடுத்துக்குது. ஸ்கிரீன் கறுப்பாயி, திரும்ப பாஸ்வேர்டே கேக்குது. மாஸ்டரோட ஃபார்முலா பூரா கலர் சாஃப்ட்வேர்ல பூட்டிக் கெடக்குது. மதியத்துக்குள்ள ஷேட் குடுக்கலன்னா ஆர்டர் கேன்சல். நாளைலர்ந்து என்னையும் வர வேணாம்னுட்டாரு மொதலாளி."

பழகிய வியாதிதான். எழுத்து மட்டும் வரும் திரைக்கு மாறினேன். அந்த வழி திறந்தது. டிஸ்க் நிரம்பவில்லை. திரைக்கு அனுமதி தரும் சின்ன ஃபைல் ஒன்று வேறு பெயரில் இருந்தது. மாஸ்டர் பெயருக்கே மாற்றிவிட்டு, ஹெலனைப் பாஸ்வேர்ட் போடச் சொன்னேன்.

கறுப்பு. மறுபடியும் பாஸ்வேர்ட்.

உள்ளே யார் இருக்கிறார்கள் என்று மெஷினிடம் பட்டியல் கேட்டேன். ஒரே வரி. நத்தானியேல், இதே திரையில், காலை ஒன்பதிலிருந்து.

"ஒம்பதுக்கு யாரு லாகின் பண்ணது?"

"கரென்ட்டே பத்துக்குத்தான் பாய் வந்துச்சு."

அந்த வரியை நீக்கினேன். போனது. மூச்சு விடுவதற்குள் திரும்ப வந்தது, அதே ஒன்பது மணியோடு.

தின்னர் வாடை ஜாஸ்தியானது. ஸ்பிரே மெஷின் எதுவும் ஓடவில்லை.

எல்லாவற்றையும் அணைத்துவிடலாம் என்று, சாயம் படாமல் மெஷின்மேல் போட்டிருந்த மாஸ்டரின் துண்டுக்கடியில் கையை விட்டு சுவிட்சைத் தேடினேன்.

யாரோ என் விரலைப் பிடித்தார்கள்.

ஹெலன் ஜன்னலோரம் நின்றாள். அவளுடைய இரண்டு கைகளும் எனக்குத் தெரிந்தன.

ஈரமான, கனத்த பிடி. ஷிஃப்ட் முடிந்தும் வீட்டுக்குப் போக முடியாதவனின் அலுப்பு அதில் இருந்தது. என் இரண்டு விரல்களைச் சேர்த்து அழுத்தியது.

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகத் தோல் வியாபாரம். துண்டைப் போட்டு, அடியில் விரல் பிடித்துத்தான் விலை. இரண்டு விரல் பிடித்தால் இரண்டு. அது நூறா ஆயிரமா என்பதை முதலிலேயே வாய்விட்டுப் பேசிக்கொள்வோம். பயத்தில் அது மறந்துபோனது. கை மட்டும் பேரத்தை மறக்கவில்லை. கேட்டதில் பாதியாக, ஒரே விரலை நீட்டினேன்.

அந்தக் கை என் ஒற்றை விரலைத் தடவிப் பார்த்தது.

பிறகு உள்ளங்கையில் ஒரு தட்டு. பேரம் முடிந்தது.

"பாய்! தொறந்துக்குச்சு பாய்!"

ஹெலன் ஃபார்முலாவைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு லாக் அவுட் செய்தாள். ஆர்டர் போனது, அவள் வேலை தங்கியது.

கிளம்புமுன் பட்டியலை இன்னொரு முறை கேட்டேன். காலியாக இருக்க வேண்டும்.

ஒரு வரி இருந்தது.

காஷிஃப், பதினொன்று நாற்பதிலிருந்து.

அந்த மெஷினில் நான் என் பெயரை எப்போதும் சேர்த்ததில்லை.

போன வாரம் ஹெலன் போனில் கிசுகிசுத்தாள். "மெஷினையே மாத்திட்டோம் பாய். புதுசுலயும் உங்க பேரு நிக்குது. தெனம் ஒரு ஷேட் எழுதி வச்சிருக்குது."

நான் வேலூரில் என் கடையை விட்டு நகரவில்லை. ஆனால் சாயங்காலமானால், நாள் பூரா நின்று வேலை பார்த்தவன்போல் கால் கடுக்கிறது.

மாஸ்டரின் ஷிஃப்டுக்கு ஒன்று என்றுதான் பேசினேன். ஒரு நாள் என்றால் அன்றே தீர்ந்திருக்கும். ஒரு மாதமும் தாண்டிவிட்டது. ஒரு ஆயுள் என்று நினைக்க எனக்குத் தெம்பில்லை. ஒரு வருடம் என்று எழுதி வைத்திருக்கிறேன்: கழிந்தது நாற்பத்தேழு நாள், பாக்கி முந்நூற்றுப் பதினெட்டு.