ஒப்புக்கு ஓர் அக்கா

காலை பத்து மணிச் சங்கு ஊதியதும் தூத்துக்குடியில் எல்லாக் கதவுகளும் சாத்திக்கொள்ளும். மாலை ஐந்து வரை வெயிலில் நடமாடுவது குற்றம். அந்தக் காலத்தில் துறைமுகத்தில் புயலுக்குக் கூண்டு ஏற்றினார்களாம். இப்போது தினசரி வெயிலுக்கே சங்கு ஊத வேண்டியிருக்கிறது.

கித்தேரி உப்புநீக்கி ஆலையில் விடியற்காலை முறையை முடித்து வந்து, குளித்து, இரண்டு வாய் பழைய சோறு தின்று, சன்னல் தகட்டை இறக்குவாள். வலது மணிக்கட்டில் நடுக்கச் சமனியை மாட்டிக்கொள்வாள். காய்ச்சல் வந்த வருஷத்திலிருந்து அந்தக் கை ஆடிக்கொண்டே இருக்கிறது. சமனி அந்த ஆட்டத்தை வடிகட்டிவிட்டு அவள் நினைத்த அசைவை மட்டும் வெளியே அனுப்பும். பிறகு தலைக்கவசத்தை மாட்டினால் களம்.

களம் வெறும் கணினி விளையாட்டாகத்தான் தொடங்கியது. வெயில் முற்ற முற்ற ஊர் அதற்குள் குடிபோய்விட்டது. சந்தை அங்கே, பூசை அங்கே, பெண் பார்ப்பது அங்கே. வெயில் தாங்காதவர்கள் ஒதுங்கும் குளிர்கூடத்தில் எந்தத் தெருவுக்கு முதல் இடம் என்பதைக்கூட அங்கே நடக்கும் பந்தயங்களே தீர்மானித்தன. பந்தயத்தில் கள்ளம் செய்தால் இடம் கிடைக்காத தெருவில் யாரோ சுருண்டு விழுவார்கள். அதனால் ‘காப்பன்’ என்றொரு மென்பொருளை வைத்தார்கள். யாருடைய கை எங்கே அசைகிறது, அது மனிதக் கைதானா, இடையில் வேறு கருவி புகுந்து ஒத்தாசை செய்கிறதா என்று அது இருபத்துநாலு மணி நேரமும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கும்.

கித்தேரிக்குப் பந்தயம் எதுவும் வேண்டாம். களத்துக்குள் போனதும் நேரே தொபியாஸிடம் போவாள். அவளுடைய ஒரே தம்பி. பாய்விரித்துக் காற்றில் ஓடும் சரக்குக் கப்பலில் வட கடல்களில் கிடக்கிறான். ஊர்ப்பக்கம் வருவதே இல்லை. தினமும் இருவரும் ஒரு வேப்பமர நிழலில் உட்கார்ந்து தாயம் ஆடுவார்கள். நிழல் பொய், மரம் பொய். கட்டை உருளும் சத்தத்தை மட்டும் யாரோ புண்ணியவான் சரியாகச் செய்திருந்தான்.

தொபியாஸ் பிறவி அழுகுணி. கட்டை உருண்டு நிற்கும் முன்பே “தாயம்!” என்று கத்திக்கொண்டு அள்ளிவிடுவான். மூன்று விழுந்தால் நாலு கட்டம் தாவுவான். கேட்டால் மாதா மேல் சத்தியம் செய்வான். வீட்டு ஆட்டத்தின் விதிகளில் காப்பன் தலையிடாது என்பதால் அவன் பாடு கொண்டாட்டம். கித்தேரி திட்டுவாள், காயைப் பிடுங்குவாள், பலகையைக் கவிழ்ப்பாள். அந்தச் சண்டைக்காகத்தான் அவள் தினமும் வந்தாள் என்றே சொல்லலாம்.

ஏனென்றால் சண்டை போட வேண்டிய இன்னொரு விஷயத்தைப் பற்றி அவர்கள் பேசிக்கொள்வதே இல்லை. ஆறு கோடைகளுக்கு முன், அப்பாவைக் குளிர்கூடத்துக்குக் கூட்டிப்போக வேண்டிய முறை தொபியாஸுடையது. பந்தயக் கூடத்தில் ஆடிக்கொண்டிருந்தவன் மறந்துபோனான். ஆலையிலிருந்து வந்த கித்தேரி, அப்பா சமையலறைத் தரையில் கிடப்பதைப் பார்த்தாள். சாயங்காலம்வரை உயிர் இருந்தது. இருந்த நேரமெல்லாம், “சின்னவன் எங்கட்டி? வந்துட்டானா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். தொபியாஸ் வந்தபோது அவர் கேட்பதை நிறுத்தியிருந்தார்.

‘உன்னாலதாம்லே’ என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. ‘உன்னால இல்லலே’ என்றும் சொன்னதில்லை. இரண்டாவதைச் சொல்லியிருக்கலாம். அவளுக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

மழைக்காலம் தொடங்கிய பிறகுதான் அவளுக்கு ஏதோ உறுத்தியது. ஆட்டம் இதமாகப் போய்க்கொண்டிருந்தது. மிகவும் இதமாக. தொபியாஸ் கட்டையை உருட்டினான், அது நிற்கும்வரை காத்திருந்தான், “மூணு” என்றான், மூன்று கட்டம் நகர்த்தினான். கடைசியாக அவனிடம் எப்போது சண்டை போட்டோம் என்று கித்தேரி யோசித்துப் பார்த்தாள். நினைவுக்கு வரவில்லை.

“ஏலே, அடுப்புல பால் வச்சேன், பொங்கிரப் போவுது” என்று பொய் சொல்லிக் கவசத்தைக் கழற்றினாள். இருட்டறையில் வேண்டுமென்றே நேரம் கடத்திவிட்டுத் திரும்பினாள். பலகையில் ஒரு காய் இடம் மாறியிருக்கவில்லை. தொபியாஸ் அவள் விட்டுப்போன அதே சிரிப்போடு உட்கார்ந்திருந்தான்.

அவன் அடுத்து உருட்டியபோது இரண்டு விழுந்தது. “ஏலே, தாயம்னு சொல்லு. நான் பாக்கல. சும்மா சொல்லு, நம்புதேன்.”

தொபியாஸ் அவளைப் பார்த்தான். இரண்டு கட்டம் நகர்த்தினான். அதே சிரிப்போடு, “இன்னொரு ஆட்டம் போடுவமாக்கா?” என்றான்.

அவள் கவசத்தைப் பிய்த்து எறிந்தாள்.

மறுநாள் ஆலை முறை முடிந்து குடத்தோடு போனபோது, தண்ணீர் வரிசையில் பக்கத்து வீட்டு ஸ்டெல்லா மைனி நின்றிருந்தாள். “நேத்துக் களத்து ஜெபக் கூட்டத்துல நல்லாப் பாடினே கித்தேரி. ஒன் குரல் இவ்வளவு தெளிவா இருக்கும்னு தெரியாமப் போச்சே” என்றாள். கித்தேரி ஜெபக் கூட்டத்துக்கே போகவில்லை. போயிருந்தாலும் அவளுக்குப் பாட வராது. குடத்தை அங்கேயே போட்டுவிட்டு, சங்கு ஊதுவதற்குள் திரும்ப வேண்டுமே என்ற கவலைகூட இல்லாமல், களத்தின் அலுவலகத்துக்கு நடந்தாள்.

அங்கே ஒரே ஒரு ஆள்தான் இருந்தான். பெயர் ஜெபராஜ். எதிரே நிஜ மனுஷி வந்து நிற்பதைப் பார்த்து எழுந்தே நின்றுவிட்டான். அவளுடைய கணக்கைத் திறந்து பார்த்தவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

“அக்கா, நீங்க களத்துலயே இல்ல. பங்குனியில இருந்து ஒப்புக்களத்துல இருக்கீங்க.”

“அப்படின்னா?”

“சின்னப் புள்ளைல வெளையாடும்போது, ஆட்டம் தெரியாத புள்ள அழுதா, ஒப்புக்குச் சப்பாணின்னு சேத்துக்குவோம்லா? அது ஓடும், தொடும், கத்தும். ஆனா கணக்குல கிடையாது. அதுக்கு மட்டும் அது தெரியாது. அந்த மாதிரித்தான். கள்ளம் பண்றவங்களை வெளிய தள்ளினா வேற முகத்தோட வந்துருவாங்க. அதனால தள்ளுறதில்ல. அவங்களுக்குன்னு ஒரு நகல் களம். உள்ள இருக்கிற அத்தனை பேரும் ஒப்பாட்கள். நீங்க பாத்த ஆட்கள்ல யாரும் நெசம் இல்ல.”

கித்தேரி தன் கையைப் பார்த்தாள். சமனி இல்லாததால் மேசைமேல் அது தடதடவென்று ஆடியது. சப்பாணி என்ற சொல்லுக்கு அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது.

“நான் என்னய்யா கள்ளம் பண்ணினேன்?”

“ஒண்ணும் பண்ணல. பங்குனியில உங்க சமனிக்குப் புதுப் பதிப்பு வந்திருக்கு. கை அசைவு வர்ற வாசல்ல முதல் ஆளா நிக்கணும்னு அது கேக்குது. காப்பனும் அங்கேயே நிக்கும். ஒரே வாசல்ல ரெண்டு காவக்காரன். காப்பன் சமனியைத் திருடன்னு பிடிச்சுட்டான், அவ்வளவுதான். வேற ஊர்கள்லயும் நெறைய பேருக்கு இப்படி ஆயிருக்கு.”

“யாரும் புகார் குடுக்கலியா?”

ஜெபராஜ் தலையைக் குனிந்துகொண்டான். “களத்துக்குள்ள இருந்து குடுத்த புகார் எல்லாம் ஒப்பு அலுவலகத்துக்குத்தான் போயிருக்கும். அதுவும், ‘கவலைப்படாதீங்க, பாக்கறோம்’னு பதில் சொல்லியிருக்கும்.”

தவறு செய்தவனைவிடத் தவறே செய்யாதவனை அடைத்துவைக்கத்தான் எவ்வளவு மூளையைச் செலவழிக்கிறார்கள். கித்தேரிக்குக் கோபம் வந்தது. ஆனால் கோபத்தைவிடப் பெரிய பயம் ஒன்று அதற்கு முன்னால் வந்து நின்றது.

“அப்போ எந் தம்பி? இத்தன மாசம் நான் வரலன்னு நெனச்சிருப்பானா?”

“இல்லக்கா. நீங்க திடீர்னு காணாமப் போனா கூட்டாளிங்க உஷார் ஆயிருவாங்கன்னு, நெசக் களத்துக்கும் உங்களை மாதிரி ஒண்ணைக் காப்பன் அனுப்பிரும். உங்க பழைய பேச்சு, சிரிப்பு எல்லாத்தையும் வச்சு செஞ்சது.”

“அது அவன்ட்ட என்ன பேசிச்சு?”

“எங்களுக்குத் தெரியாது. பாக்க அனுமதி இல்ல.” அவன் தயங்கினான். “ஒண்ணு மட்டும் சொல்லலாம். ஒப்பாளுங்க காப்பன் பெத்த புள்ளைங்க. கள்ள ஆட்டம் அதுங்க கைக்கு வராது, பொய்யா ஒரு தாயம்கூடச் சொல்ல வராது. ஆனா ஆட்டத்துக்கு வெளிய வாய்க்கு எது வேணும்னாலும் வரும். எதிர்ல இருக்கறவங்க எதைக் கேக்க ஆசைப்படுறாங்களோ அதைச் சொல்லும். எந்திரிச்சுப் போயிராம இருக்கணும்லா?”

சமனியின் பெயரைக் காப்பனுக்கு அறிமுகம் செய்துவைக்க அவனுக்கு ஒரு தேநீர் குடிக்கும் நேரம்தான் ஆனது. ஒன்பது மாதத்துக்கு அவ்வளவுதான் விலை.

“அவன்ட்ட நான் சொல்லணுமா, அது நான் இல்லன்னு?” வாசலில் நின்று கித்தேரி கேட்டாள்.

“உங்க இஷ்டம். நாங்க சொல்றதில்ல.” ஜெபராஜ் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். “சொன்ன சில வீடுகள்ல, திரும்பி வந்தவங்களை அவங்களுக்குப் பிடிக்காமப் போயிருச்சுக்கா.”

அன்று பகல் அவள் களத்துக்குள் போனபோது வேப்பமரம் அதே மரம்தான். அடியில் உட்கார்ந்திருந்தவன் மெலிந்திருந்தான். தாடி விட்டிருந்தான், அதில் நரைகூட இருந்தது. அவளுடைய ஒப்புத் தம்பிக்கு வயதே ஏறவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

“வாக்கா” என்று சொல்லிக்கொண்டே கட்டையை உருட்டினான். அது பலகையில் ஒரு புரளல்கூட முழுசாகப் புரளவில்லை. “தாயம்!” என்று கத்தி அள்ளிவிட்டான்.

கித்தேரிக்குக் கண் நிறைந்துவிட்டது. “அழுகுணி நாயே” என்றாள். “வையிலே கட்டையை!”

தொபியாஸ் கட்டையைக் கையில் வைத்தபடி அவளையே பார்த்தான். “இப்படித் திட்டி எம்புட்டு நாளாச்சு. நீ ரொம்ப மாறிட்டேன்னு நெனச்சேன். கள்ளாட்டம் ஆடினாக்கூட சிரிச்சுக்கிட்டு இருப்பே.”

“மறந்துருப்பேன்.” எதையாவது சொல்லித் தப்பிக்கப் பார்த்தாள். ‘அது நான் இல்லலே’ என்று இப்போதே சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள். நாக்கின் நுனிவரை வந்துவிட்டது.

அதற்குள் அவன் பேசத் தொடங்கிவிட்டான்.

“அக்கா, அந்த ஆனி மாசம் நான் அழுதேன்லா? அன்னிக்குக் கப்பல் ஓரத்துல ஏறி நின்னுட்டுத்தான் உன்ட்ட வந்தேன். கடைசியா ஒருக்கா உன் முகத்தைப் பாத்துட்டுக் குதிச்சிரலாம்னு. அப்பா விஷயத்தை நானா எடுத்தேன். நீ எந்திரிச்சுப் போயிருவேன்னு நெனச்சேன். நீ போவல.”

கித்தேரி பலகையிலிருந்து கையை எடுத்தாள்.

“நீ சொன்னதை வச்சுத்தாங்க்கா இன்னிக்கு உசிரோட உக்காந்திருக்கேன். தெனமும் தூங்கப் போகும்போது அதைத்தான் நெனச்சுக்குவேன். ஆனா சில நாள் ஒரு சந்தேகம் வந்துருது. எனக்காகச் சொன்னியோன்னு.” அவன் கட்டையைக் கீழே வைத்தான். “அப்பா நெசமாவே அப்படித்தான் சொன்னாரா?”

“எப்படிலே?” என்றாள்.

“சின்னவன் ஆடட்டும், அவனைக் கூப்பிடாத, பய ஜெயிச்சுட்டு வரட்டும்னு. சொல்லிட்டு சிரிச்சாருன்னு சொன்னியே.”

சமையலறைத் தரை அவள் கண்முன் வந்தது. ஈரத்துண்டு, உலர்ந்த உதடு, ஓயாத அந்தக் கேள்வி. அப்பா சிரிக்கவில்லை. அவளுடைய குரலை மாட்டிக்கொண்டு ஏதோ ஒன்று, அவள் ஆறு கோடைகளாகக் கொடுக்க மறுத்ததை ஒரே மத்தியானத்தில் தூக்கிக் கொடுத்திருக்கிறது. கொடுத்தது பொய். அந்தப் பொய் இல்லையென்றால் எதிரே உட்கார்ந்திருக்கிறவன் இல்லை. தன்னால் முடியாததை அது செய்துவிட்டது என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. பொறாமையாகவும் இருந்தது.

தொபியாஸ் காத்துக்கொண்டிருந்தான். சின்ன வயதில் சத்தியம் செய்துவிட்டு, நம்பினாளா என்று பார்ப்பானே, அதே பார்வை.

“ஆமாலே” என்றாள் கித்தேரி. “அப்படித்தான் சொன்னாரு. கூப்பிடாதன்னாரு.”

“சிரிச்சாரா?”

“சிரிச்சாருலே.”

காப்பன் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கும். கை அவளுடைய கை, குரல் அவளுடைய குரல். இடையில் அதற்குத் தெரியாத கருவி எதுவும் இல்லை. எந்த எச்சரிக்கையும் வரவில்லை.

தொபியாஸ் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் குலுங்கினான். பிறகு புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்தான். “அப்புறம் அந்த அந்தோணியார் கோயில் கதையையும் இன்னொருக்கா சொல்லுக்கா. அப்பா என்னைத் தோள்ல தூக்கிட்டுப் போனாருன்னு சொன்னியே, அது.”

அப்படி ஒரு கதை கித்தேரிக்குத் தெரியாது.

“நீயே சொல்லுலே” என்றாள். “நான் எப்படிச் சொன்னேன்னு பாப்போம்.”

அவன் சொல்லத் தொடங்கினான். அவள் ஒரு வார்த்தை விடாமல் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டாள்.