மூன்று பேருக்கு ஒரு கல்

"நாலு டம்ளர் எதுக்குங்க? நாங்க மூணு பேருதான்."

"நாலுன்னுதான் சாமி எண்ணுனேன். மேட்டுல ஏறி வாரப்பவே பாத்தனே. முன்னால தம்பி, அப்பறம் இந்தம்மா, அப்பறம் நீயி. உனக்குப் பின்னால இன்னொரு புள்ள."

"எனக்குப் பின்னால யாரும் வரலீங்க. நாந்தான் கடைசி" என்றாள் இனியா.

"அப்படியா" என்றார் செங்கோடன். கேட்டுக்கொண்டாரே தவிர நம்பவில்லை. நாலாவது டம்ளரை இனியாவின் பைக்குப் பக்கத்தில், தரையில் ஒரு பலா இலையின் மேல் பதமாக வைத்துவிட்டு, மிளகுக் கொடி சுற்றிய மரங்களுக்கு இடையே தன் வீட்டைப் பார்த்து இறங்கிப் போனார்.

அண்ணன் நவீன்குமார் சிரித்தான். "மலைக்காரருக்குக் கண்ணாடி மாத்தணும் போல. விடு அம்மிணி, ஒரு டீ லாபம்."

"அண்ணா, நான் உங்ககிட்ட ஒண்ணு பேசணும்."

"சித்த இரு. இந்தக் கம்பிய மாட்டிட்டு வாரேன்."

சித்த இரு. காலையிலிருந்து எத்தனையாவது தடவை என்று இனியா எண்ணுவதை விட்டிருந்தாள். இந்த மலைப் பயணமே அவளுடைய ஏற்பாடு. கூடாரத்தை வாடகைக்கு எடுத்ததும், காட்டுக்குள் தங்க விடமாட்டார்கள் என்பதால் செங்கோடனின் காப்பித் தோட்டத்தில் இடம் கேட்டு வாங்கியதும் அவள்தான். எல்லாம் ஒரே காரணத்துக்காக. மேலே சிக்னல் கிடையாது. திருச்செங்கோட்டில், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளுக்கு உதிரிபாகக் கடை வைத்திருக்கும் அண்ணன், தூங்கும்போதுகூடக் காதில் போனை வைத்துக்கொண்டிருப்பவன், இங்கேயாவது பத்து நிமிடம் அவள் முகத்தைப் பார்த்துப் பேசுவான் என்று நினைத்தாள்.

பத்து நிமிடம் போதும். ஞாயிற்றுக்கிழமை அயோத்தியாப்பட்டணத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் அவளுக்குப் பூ வைக்க வருகிறார்கள். திங்கட்கிழமைக்குள் ஹைதராபாத்தில் அந்த விதை ஆராய்ச்சி வேலையில் சேருவதாக அவள் பதில் எழுத வேண்டும். அப்பா இல்லாத வீட்டில் அண்ணன் வேண்டாமென்றால் வேண்டாம்தான்; அம்மா மறுபேச்சுப் பேசமாட்டாள். அந்த ஒரு வார்த்தையை அவனிடமிருந்து வாங்கத்தான் இத்தனை மேடும் ஏறினாள்.

எரிச்சலோடு திரும்பி டீயை எடுத்தாள். தன்னுடையதைக் குடித்து முடித்து, பைக்குப் பக்கத்திலிருந்த டம்ளரைப் பார்த்தாள். பாதிதான் இருந்தது. அண்ணன் கூடாரத்துக்கு அந்தப் பக்கம் இருந்தான். அண்ணி தீபிகா செருப்பைக் கழற்றி அட்டைப்பூச்சி தேடிக்கொண்டிருந்தாள்.

பைக்குள் கல் இருந்தது.

மூன்று பேராக எங்கேயும் கிளம்பக் கூடாது என்பது அவர்கள் வீட்டுப் பழக்கம். அப்படிக் கிளம்ப நேர்ந்தால் ஒரு கல்லைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். அதுதான் நாலாவது ஆள். நிலம் பார்க்கப் போனாலும் பெண் பார்க்கப் போனாலும் அம்மா வாசலில் ஒரு சின்னக் கல்லைப் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொள்வாள். திரும்பி வந்ததும், வீட்டுக்குள் கால் வைப்பதற்கு முன்னால், வெளியே வீசிவிடுவாள். இன்று காலை அவசரத்தில் மறந்துவிட்டார்கள். சேந்தமங்கலத்தில் வாழைப்பழம் வாங்கும்போது அம்மா போன் செய்தாள். "கல்லு எடுத்தீங்களாடா?" "எடுத்தாச்சுங்மா" என்று அண்ணன் கூசாமல் பொய் சொன்னான். அடிவாரத்தில் காரை விட்டுவிட்டு நடைபாதையில் ஏறத் தொடங்கியதிலிருந்து தீபிகாவுக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது.

பாதி வழியில், மரங்கள் கூடி இருட்டிப்போன ஒரு சமதளத்தில், கற்கள் வரிசையாக நடப்பட்டிருந்தன. முழங்கால் உயரத்தில் தொடங்கி, குறைந்து குறைந்து கடைசியில் ஒரு தேங்காய் மூடி அளவுக்கு வந்து நின்ற வரிசை. மஞ்சள் இல்லை, குங்குமம் இல்லை, எலுமிச்சம்பழம் இல்லை. அதனால் சாமி இல்லை என்று இனியா முடிவு செய்துகொண்டாள். எங்கோ பக்கத்தில் தேன்கூடு இருப்பதுபோல ஒரு மெல்லிய ரீங்காரம் மட்டும் கேட்டது. அண்ணன் அந்த மலையிலேயே சிக்னல் கிடைக்கிற ஒரே மூலையைக் கண்டுபிடித்து, ஒரு பாறை மேல் ஏறி நின்று, யாரிடமோ ரிக் வண்டியின் சுத்தியல் பிட்டைப் பற்றிக் கத்திக்கொண்டிருந்தான். அவள் நாலு தடவை கூப்பிட்டாள். அவன் கையை மட்டும் ஆட்டினான்.

அந்தக் கோபத்தில்தான் குனிந்து கடைசிக் கல்லைப் பிடுங்கினாள். பல் பிடுங்கியதுபோல ஈரமான குழி.

"இந்தாங்க அண்ணி, நாலாவது ஆளு வந்தாச்சு." பிறகு கல்லை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, "வா. நீயாச்சும் நான் சொல்றதக் கேளு" என்றாள்.

விளையாட்டாகத்தான் தொடங்கினாள். மீதி மேடு முழுவதும், மூச்சு வாங்க வாங்க, பைக்குள்ளிருந்த கல்லிடம் எல்லாவற்றையும் சொன்னாள். ஹைதராபாத்தை, ஞாயிற்றுக்கிழமையை, தான் சின்ன வயதில் அண்ணனை எப்படிக் கூப்பிடுவாள் என்பதை, யாரும் காதில் வாங்காத எல்லாவற்றையும். கல் இடையில் பேசவில்லை. சித்த இரு என்று சொல்லவில்லை. இப்படிக் கேட்கிற ஒரு காது கிடைத்து எத்தனை நாளாயிற்று என்று நினைத்தபோது அவளுக்குக் கொஞ்சம் அழுகைகூட வந்தது.

பொழுது சாய்ந்ததும் பள்ளத்திலிருந்து பனி ஏறியது. பழுத்து வெடித்த பலாவின் வாடையும் ஈர மண்ணின் வாடையும் யாரோ எங்கோ மூட்டிய விறகின் புகையும் ஒன்றாகக் கலந்து, தோட்டத்தின் மேல் ஒரு கம்பளியைப் போலப் படிந்தன. இனியா வாய்க்காலில் கைகால் கழுவிவிட்டு, இந்த முறை விடப்போவதில்லை என்ற உறுதியோடு கூடாரத்துக்கு வந்தாள்.

"அண்ணா, இப்பவாச்சும் பேசலாமா?"

நவீன்குமார் நிமிர்ந்தான். "இப்பத்தானே பேசுனோம்?"

"எப்போ?"

"அட, இத்தன நேரம் இங்கதானே உக்காந்து பேசிட்டிருந்தே. யோசிச்சுச் சொல்றேன்னு சொன்னனே அம்மிணி."

"நான் வாய்க்கால்ல இருந்தேன்!"

தீபிகா சிரித்தாள். "மேல ஏறுனதுல தலை சுத்திருச்சா இனியா? என் தோள்ல சாஞ்சுட்டுத்தானே பேசுனே. கை என்னா ஜில்லுனு இருந்துச்சு."

இரண்டு பேரும் சேர்ந்து தன்னை ஓட்டுகிறார்கள். அவளுக்கு அப்படித்தான் தோன்றியது. வீட்டில் எப்போதும் நடக்கிறதுதான். அவள் முக்கியமான எதையாவது எடுத்தால் அதைக் கேலியாக்கி மூடிவிடுவது. கோபத்தில் சாப்பிடாமல் கூடாரத்துக்குள் போய் ஓரமாகப் படுத்தாள்.

விழித்தபோது மூச்சு கேட்டது. அண்ணனுடைய மூச்சு, கரகரவென்று. அண்ணியுடையது, மெல்லியதாக. தன்னுடையது. அவளுக்கு அந்தப் பக்கம், கூடாரத் துணி இருக்க வேண்டிய இடத்தில், இன்னொன்று. அது அவசரப்படவில்லை. அவள் மூச்சை இழுத்தால் இழுத்தது. அவள் நிறுத்தினாள்.

அது நிறுத்தவில்லை.

கையை நீட்டினாள். பைதான். பைக்குள் கல். வெயிலில் கிடந்ததுபோலச் சுட்டது. அவளுடைய விரல்கள்தான் சில்லிட்டிருந்தன. வெளிச்சம் வந்ததும் முதல் வேலையாக இதைத் தூக்கி எறிய வேண்டும் என்று நினைத்தாள். "அண்ணா" என்றாள். "அண்ணா, எந்திரிங்க." அவன் புரண்டு படுத்தான்.

விடிந்தபோது பனி கூடாரத்து வாசல் வரை வந்து நின்றிருந்தது. உள்ளே யாருமில்லை. பையும் இல்லை. எழுந்திருக்கவே நேரம் பிடித்தது. உடம்பு முழுக்க ஈர மணலை நிரப்பி வைத்ததுபோல ஒரு பாரம். வெளியே செங்கோடன் தட்டோடு நின்றிருந்தார். தட்டில் மூன்று டம்ளர்கள்.

"இன்னைக்குச் சரியா எண்ணீட்டீங்க" என்றான் அண்ணன்.

ஒன்றை அவன் எடுத்தான். ஒன்றைத் தீபிகா எடுத்தாள். இனியா கையை நீட்டிக்கொண்டு நடந்தாள். மூன்றாவதைச் செங்கோடன் கூடாரத்துக்குப் பின்பக்கம் பார்த்து நீட்டினார். பனிக்குள்ளிருந்து ஒரு கை வந்து அதை வாங்கிக்கொண்டது.

"எனக்கு எங்கீங்க?"

செங்கோடன் தட்டைக் கக்கத்தில் செருகிக்கொண்டு அவளைத் தாண்டிப் போனார். ஒதுங்கவில்லை. தடுக்கி விழாமல் இருக்க, காலைக் கொஞ்சம் தூக்கி வைத்துப் போனார்.

"அண்ணா! எத்தன நேரம் இந்த விளையாட்டு? போதும்!"

அவன் கூடாரத்தைச் சுருட்டினான். ஆணிகளைப் பிடுங்கினான். விசில் அடித்தான். அவள் கத்திக்கொண்டே இருந்தாள். கத்துவது தன் தலைக்குள்தான் கேட்கிறது என்பதை உணர்வதற்கு அவளுக்கு வெகுநேரம் ஆயிற்று; கேட்கப்படாமல் இருப்பது அவளுக்கு அவ்வளவு பழகிப்போயிருந்தது.

இறங்கினார்கள். அவள் பின்னால்.

வேகமாக நடக்க முடியவில்லை. ஒவ்வொரு அடியும் தரையோடு ஒட்டிக்கொண்டது. முன்னால் பனியில் மூன்று முதுகுகள். அண்ணனின் நீலச் சட்டை. தீபிகாவின் பச்சைத் துப்பட்டா. இரண்டுக்கும் நடுவில் மஞ்சள். அவளுடைய மஞ்சள் குர்தா. அவள் பின்னிய பின்னல். தோளில் அவளுடைய பை.

குனிந்து தன்னைப் பார்த்துக்கொள்ள நினைத்தாள். கழுத்து குனியவில்லை.

முன்னால் அண்ணன் பேசுவது கேட்டது. போன் கையில் இல்லை. முகத்தைத் திருப்பி, நடுவில் நடப்பவளைப் பார்த்து, மெதுவாகப் பேசினான். இவ்வளவு நாள் அவள் ஏங்கியது அந்தக் குரலுக்குத்தான்.

"ராத்திரி பூராம் யோசிச்சேன் அம்மிணி. நாங்க யாரும் நீ சொல்றதக் கேக்கறதே இல்லைன்னு சொன்னே பாரு, அது மனசுல தச்சிருச்சு. உனக்கு அந்த வேலைக்குப் போகணும்னா போ. அம்மாகிட்ட நான் பேசறேன். ஞாயித்துக்கெழம அவங்கள வர வேண்டாம்னு சொல்லிடறேன். என்ன சொல்றே?"

சரிங்ண்ணா. சரிங்ண்ணா. சரிங்ண்ணா என்று இனியா பின்னாலிருந்து கத்தினாள்.

"வேண்டாங்ண்ணா" என்றது அவளுடைய குரல், முன்னால். "வரட்டும். ஊட்லயே இருந்துக்கறேன். எனக்கு உங்க எல்லாரோடயும் ஊட்ல இருக்கணும்."

"நெசமாத்தான் சொல்றியா?"

"ஆமாங்ண்ணா. ரொம்ப நாளா."

தீபிகா அவள் தோளைக் கட்டிக்கொண்டாள்.

சமதளம் வந்தது. இருட்டு. மரங்கள். ரீங்காரம்.

மூன்று பேரும் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார்கள். மஞ்சள் குர்தா பையைத் திறந்தது.

"எதுக்கு இனியா அத எடுக்கறே?"

"எடுத்த எடத்துலயே வெச்சிரலாங்க அண்ணி. ஊடு வரைக்கும் தூக்கிட்டுப் போகணுமா?"

"அதுவும் சரிதான்."

கல்லைத் தூக்கிக்கொண்டு அது வரிசையின் கடைசிக்கு வந்தது. இனியாவுக்கு மரங்கள் சட்டென்று உயர்ந்தன. வானம் தூரம் போயிற்று. இரண்டு உள்ளங்கைகள், சூடான, உயிருள்ள, அவளுடைய சொந்த உள்ளங்கைகள், அவளை இரண்டு பக்கமும் பிடித்திருந்தன. கீழே ஈரம். குழி. சரியாகப் பொருந்தியது. ஒரு விரல் அவள் மேலிருந்த மண்ணைத் தட்டிவிட்டது. முகம் குனிந்தது. அவளுடைய முகம். அதில் கோபம் இல்லை. இரக்கம்கூட இருந்தது.

"சித்த இரு" என்றது.

எறும்பு ஒன்று ஏறத் தொடங்கியது. தட்டிவிட அவளுக்குக் கை இல்லை.

அண்ணன் பாறை மேல் நின்றான். போன் அடித்தது. "ஆமாங்மா, எறங்கிட்டிருக்கோம். பொழுதுக்குள்ள வந்துருவோம். மூணு பேரும் நல்லாத்தான் இருக்கோம். கல்லுங்களா? இங்கயே வெச்சாச்சுங்மா." அவன் குதித்து இறங்கினான். செருப்புச் சத்தம் பாதையில் விழுந்தது. நீலம் போயிற்று. பச்சை போயிற்று. மஞ்சள் வளைவில் ஒருமுறை நின்று, திரும்பிப் பார்க்காமல் போயிற்று.

அப்போதுதான் ரீங்காரம் தெளிந்தது. தேன்கூடு இல்லை. பக்கத்துக் கல்லிலிருந்து, அதற்கடுத்த கல்லிலிருந்து, முழங்கால் உயரக் கல் வரைக்கும். ஒரு பெண் குரல், ஒரு கிழவர் குரல், ஒரு குழந்தையின் குரல். எல்லாம் தணிந்து, களைத்து, ஒன்றையொன்று கேட்காமல், பாதையைப் பார்த்து ஏதோ ஒன்றைக் கேட்டுக்கொண்டே இருந்தன. எவ்வளவு நாளாகவோ.

கீழே, வெகு கீழே, கார்க் கதவு மூடும் சத்தம். ஒன்று. இரண்டு. மூன்று.

"அண்ணா, ஒரு நிமிசம் நில்லுங்க. நான் சொல்றத மட்டும் கேட்டுட்டுப் போயிருங்க."