இறக்கைக்குக் கீழே ஒரு குழல்

அடுப்பில் பால் பொங்கி வழிந்தபோதும் கௌரி திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்து அறையில் மகள் சாம்பவி அலுமாரியைத் திறந்து, அங்கே விட்டிருந்த தன் உடுப்புகளை ஒரு பைக்குள் திணித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு உடுப்பும் அடி விழுவது போலப் பைக்குள் விழுந்தது.

பாரிஸில், ரூ பெர்தொனே தெருவில் நகைக்கடைக்கு மேலே இரண்டாம் மாடி அது. மற்ற ஞாயிற்றுக்கிழமைகளில் சாம்பவி வந்து, தட்டிலிருந்து இடியப்பத்தைக் கையால் பிய்த்துச் சாப்பிட்டபடி வேலையிடத்துக் கதைகளைச் சொல்லுவாள். இன்று வந்ததிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு குசினி வாசலில் வந்து நின்றாள்.

"நீங்கள்தானே செய்தது, அம்மா? ஓம் எண்டோ இல்லை எண்டோ சொல்லுங்கோ."

மேசையில் இருந்த கணவர் இராஜேந்திரன் ஆறிப்போன தேநீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் வரும் நேரத்துக்கு முன்பே தன் மரக்கறிக் கடைக்குப் போய்விடுவது அவர் வழக்கம். இன்று போகவில்லை. அதைக் கௌரி கவனித்தாள்.

எல்லாம் கடந்த மாரியில் தொடங்கியது. ரயில் கொம்பனியொன்றில் பொறியியலாளராக இருக்கும் சாம்பவி, கூட வேலை செய்யும் லூடோவிக்குடன் பாதிக்குப் பாதி போட்டு ஒரு பழைய சின்ன விமானத்தை வாங்கினாள். அறுபதுகளில் செய்தது. மரச்சட்டத்தின்மேல் துணி போர்த்து நிறம் பூசியது. நெருக்கியடித்து நாலு பேர் இருக்கலாம். ஒரு பழைய டெலிவரி வானின் விலைக்குக் கிடைத்தது என்று அவள் சொன்னபோது, யசோதா மச்சாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். யசோதா இராஜேந்திரனின் தமக்கை. கணவன் போனபின் இவர்களோடேயே இருக்கிறாள்.

"கலியாணத்தைக் கட்டடி எண்டால் பிளேனைக் கட்டிக்கொண்டு வாறாள்," என்றாள் மச்சாள்.

இராஜேந்திரன் சிரிக்கவில்லை. சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழுந்தார். "அந்தச் சனியனை வாங்கினவள் என்னோடை கதைக்கத் தேவையில்லை."

அன்றிலிருந்து தகப்பனும் மகளும் பேச்சில்லை. நடுவில் கௌரி நின்றாள். வாங்குவது லேசு, வைத்திருப்பதுதான் வில்லங்கம் என்று சாம்பவி அவளிடம்தான் சொல்லுவாள். கொட்டகைக்கு வாடகை, வருடாவருடம் பரிசோதனை, ஏதாவது ஒரு துண்டு தேய்ந்துவிட்டால் அதைத் தேடி ஊரூராகத் தொலைபேசி. சனிக்கிழமைகள் முழுக்க இறக்கைத் துணியில் கீறல் பார்ப்பதிலும் தேய்ப்பதிலும் போயின. மகளின் தலைமயிரில் வார்னிஷ் மணத்தது. ஆனால் அவள் முகம் அந்த மாரி முழுவதும் தெளிந்திருந்தது. அது கௌரிக்குப் போதும்.

லா சப்பல் தமிழர் பகுதியில் யார் புதுக் கார் வாங்கினாலும் கோயில் வாசலுக்குக் கொண்டுவந்து பூசை செய்து, சில்லுக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து நசிப்பார்கள். விமானத்தைக் கோயிலுக்குக் கொண்டுவர முடியாது. ஆகவே வசந்தம் வந்ததும் கௌரி எலுமிச்சம்பழங்களோடு, வயல்வெளித் திடலில் நின்ற விமானத்திடம் போனாள். மகள் காட்டிய இடத்தில் ஒரு குங்குமப் பொட்டு வைத்தாள். லூடோவிக் சிரித்துக்கொண்டே விமானத்தைப் பழங்களின்மேல் தள்ளினான்.

பிறகு நேற்று, சாம்பவியும் லூடோவிக்கும் ஏறிப் புறப்பட்டார்கள். புல்லில் ஓடும்போது வேகத்தைக் காட்டும் முள் அசையவேயில்லை. சாம்பவி பிரேக்கை அமத்தினாள். வேலிக்குக் கிட்டப்போய்த்தான் விமானம் நின்றது. இடது இறக்கைக்குக் கீழே விரல் தடிப்பில் ஒரு குழல் முன்னுக்கு நீட்டிக்கொண்டிருக்கும். அதற்குள் புகும் காற்றை வைத்துத்தான் வேகம் தெரியும். அந்தக் குழலுக்குள் காய்ந்து இறுகிய சந்தனம்.

"பறக்க முதல் குழலைப் பார்த்தனீயோ எண்டு எல்லாருக்கும் முன்னாலை லூடோவிக் கேட்டவன்," என்றாள் சாம்பவி. "பார்த்தனான். கொட்டகை இருட்டிலை உள்ளுக்குக் கிடந்தது தெரியேல்லை. இனி என்னோடை சேர்ந்து பிளேன் வைச்சிருக்க ஏலாதாம். வித்துப்போட்டுத் தன்ரை பங்கை எடுக்கப்போறானாம். சொல்லுங்கோ, அம்மா."

கௌரி தான் வைத்தது குங்குமம் என்பதை அறிவாள். சந்தனம் அவள் கொண்டுபோகவேயில்லை. போன திங்கட்கிழமை, கடை பூட்டியிருந்த நாளில், இராஜேந்திரன் எங்கோ போய்விட்டுச் சப்பாத்தில் புல்லும் சேறுமாக வந்தார். கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. இப்போது கௌரி அவரைப் பார்த்தாள். அவர் தேநீரைப் பார்த்தார்.

"ஓம்," என்றாள் கௌரி. "நான்தான் வைச்சனான். கண்ணூறு படக்கூடாதெண்டு..."

"நான் செத்திருப்பன், அம்மா. அவனும் செத்திருப்பான்." சாம்பவி பையைத் தோளில் போட்டாள். அவள் பிரெஞ்சுக்குத் தாவினாள். "சே ஃபினி. முடிஞ்சுது. இனி என்னைத் தேடாதையுங்கோ."

கதவை அறைந்து சாத்தினாள்.

"எத்தினை தரம் சொல்லியிருப்பன்," என்று மச்சாள் தொடங்கினாள். "விளங்காத சாமானிலை கை வைக்காதை எண்டு. பெத்த பிள்ளையைக் கொல்லப் பார்த்திட்டு நிக்கிறாய், கௌரி. கண்ணிலை ஒரு சொட்டுத் தண்ணி வருதோ பார்."

இராஜேந்திரன் எழுந்தார். கோட்டை மாட்டினார். ஒரு சொல்லும் சொல்லாமல் படியிறங்கிப் போனார்.

அந்தக் காலடிச் சத்தம் கீழே போய் மறையும்வரை கௌரி நின்றாள். கலியாணம் முடித்த நாளிலிருந்து இந்த மனிதருடைய மௌனங்களுக்கெல்லாம் அவள்தான் பதில் சொல்லி வந்திருக்கிறாள். சொந்தக்காரருக்கு, கடன்காரருக்கு, மகளின் பள்ளிக்கூடத்துக்கு. அவர் கோபத்தில் முறித்ததையெல்லாம் ஒட்டியிருக்கிறாள். இன்றும் ஒட்டப் பார்த்தாள். ஒட்டி முடிந்தபின் அவர் கோட்டை மாட்டிக்கொண்டு போகிறார்.

"எங்கை போறாய்? பால் வழிஞ்சு கிடக்கு," என்றாள் மச்சாள்.

"துடையுங்கோ," என்றுவிட்டுக் கௌரி இறங்கினாள்.

ரூ து ஃபொபூர் சேன்-தெனி தெருவில் ஞாயிற்றுக்கிழமைச் சனம். சமையல் துணியை இடுப்பில் கட்டியபடியே அவள் சனத்தைப் பிளந்துகொண்டு நடந்தாள். தெரிந்தவர்கள் வணக்கம் சொன்னார்கள். அவள் கவனிக்கவில்லை. கடைக்குள் இராஜேந்திரன் முருங்கைக்காய்ப் பெட்டியொன்றைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"பிளேன் பிடிக்கேல்லை எண்டால் அதைக் கொளுத்தியிருக்கலாம்," என்றாள் கௌரி. "பிள்ளையையும் சேர்த்தே முடிக்க நினைச்சனீங்களோ?"

மரவள்ளிக்கிழங்கை முறித்துப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு ஆள் நிமிர்ந்தார். "அண்ணை, இது புதுசோ..."

"கடை பூட்டு," என்றாள் கௌரி. "நாளைக்கும் வராதையுங்கோ, நாளைக்குத் திங்கள்."

அந்த ஆள் கிழங்கை வைத்துவிட்டு வெளியேறினார். கௌரி கதவை உள்ளே பூட்டினாள்.

"கத்தாதையும். சனம் பார்க்குது," என்றார் இராஜேந்திரன்.

"பார்க்கட்டும். எனக்கு ஒண்டு சொல்லுங்கோ. மகளிலை அவ்வளவு வன்மமோ உங்களுக்கு? உங்கடை சொல்லுக் கேக்கேல்லை எண்டதுக்கு அவள் ஆகாயத்திலை இருந்து விழவேணுமோ?"

"வன்மமோ?" அவர் முதல்முறையாக அவளை நேரே பார்த்தார். "நான் அதைப் பார்க்கத்தான் போனனான், கௌரி. சும்மா ஒருக்காப் பார்க்க. திடல் கந்தோரிலை இருந்த வெள்ளைக்காரப் பொம்பிளை கொட்டகையைத் திறந்துவிட்டவ. வடிவாய்த்தான் இருந்தது. பிள்ளை தேய்ச்ச இடமெல்லாம் மினுங்கிச்சு. தடவிப் பார்த்தன். பிறகு குனிஞ்சன்..."

அவர் நிறுத்தினார். கையிலிருந்த முருங்கைக்காயைப் பெட்டியில் வைத்தார்.

"இறக்கைக்குக் கீழை குழல்."

அவர் பெட்டியைப் பார்த்தபடியே தொடர்ந்தார்.

"தங்கச்சி சிவநிதியைச் சைக்கிள் பாரிலை வைச்சு உழக்கிக்கொண்டு போறன். பள்ளிக்கூடத்தாலை கூட்டிக்கொண்டு வாறன். பொம்மர் பணிஞ்சு வருது. சைக்கிளைப் போட்டிட்டுக் குப்புற விழு எண்டு கத்துறன். அவள் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிக்கிறாள். நானும் பார்த்தன். இறக்கைக்குக் கீழை குழல் நீட்டிக்கொண்டிருந்தது. அதுக்குள்ளாலை நெருப்பு வந்தது."

அவருடைய கடைசித் தங்கை போர்க் காலத்தில் பொம்மர் விமானத்தின் தாக்குதலில் செத்தாள் என்று மட்டும்தான் கௌரிக்குத் தெரியும். மச்சாளும் அதற்குமேல் சொன்னதில்லை.

"இது சுடுற துவக்கில்லை எண்டு எனக்குத் தெரியும். நான் விசரன் இல்லை. ஆனால் என்ரை பிள்ளை அதுக்கு மேலை ஏறி இருக்கப்போறாள். கோயில் சந்தனம் சட்டைப் பையிலை கிடந்தது. எடுத்து அமத்தி அதின்ரை வாயை அடைச்சுவிட்டன். அதுக்குப் பிறகுதான் மூச்சு வந்தது எனக்கு."

கௌரியின் கோபம் அப்படியே நின்றது. அதன் பக்கத்தில் இன்னொன்றும் வந்து நின்றது. ஆனால் கோபம் போகவில்லை.

"அப்ப ஏன் காலமை வாய் திறக்கேல்லை?"

"சொன்னால் பிள்ளை இனி என்ரை முகத்திலை முழிக்காது."

"என்ரை முகத்திலை முழிக்காட்டில் பரவாயில்லையோ?"

அவர் பெட்டியை ஓரமாகத் தள்ளினார்.

"கோட்டை எடுங்கோ," என்றாள் கௌரி. "அவள் பிளேனடிக்குத்தான் போயிருப்பாள். வந்து உங்கடை வாயாலை சொல்லுங்கோ. இல்லையெண்டால் நான் அங்கையிருந்து இஞ்சை திரும்பி வரமாட்டன். வெருட்டுக்குச் சொல்லேல்லை."

கார் து நோர் நிலையத்தில் ரயில் ஏறி, பிறகு பஸ் எடுத்து, அதன்பின் வயல் ஓரமாக நடந்தார்கள். விமானத் திடலில் ஒரு சின்ன விமானம் இவர்களின் தலைக்கு மேலாகப் பணிந்து இறங்கியது. இராஜேந்திரன் வரம்போடு பதுங்கிக் குந்திவிட்டார். கௌரி அவர் எழும்பும்வரை காத்திருந்தாள். கை கொடுக்கவில்லை.

கொட்டகை வாசலில் விமானத்தை வெளியே இழுத்து நிறுத்தியிருந்தார்கள். சாம்பவி இறக்கைக்குக் கீழே மல்லாந்து படுத்துக் குழலைக் கழற்றிச் சுத்தம் பண்ணிக்கொண்டிருந்தாள். விற்பதற்கு முன் திருத்தவேண்டுமே. லூடோவிக் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான். திடல் அலுவலகத்துப் பெண் ஜிஸ்லேன் இராஜேந்திரனைக் கண்டு, போன திங்கட்கிழமை வந்தவர் என்று முகம் மலர்ந்து கையசைத்தாள்.

சாம்பவி அதைக் கண்டாள். எழுந்து உட்கார்ந்தாள்.

இராஜேந்திரன் மகளிடம் போகவில்லை. நேரே லூடோவிக்கிடம் போனார். கடையில் பேசிப் பழகிய பிரெஞ்சு மட்டும்தான் அவருக்கு வரும். "செ முவா, மிஸ்யூ," என்றார். நான்தான் செய்தேன். பிறகு கௌரியைக் காட்டி, "பா மா ஃபாம். பா மா ஃபீய்," என்றார். என் மனைவி இல்லை. என் மகளும் இல்லை. அதற்குமேல் அவருக்குச் சொல் வரவில்லை. கையை இறக்கை போல விரித்துக் காட்டினார். மறு கையின் விரலை அதற்குக் கீழே நீட்டினார்.

பிறகு அதையே தமிழில், தரையைப் பார்த்தபடி, முழுக்கச் சொன்னார். சாம்பவி கேட்டுக் கேட்டு லூடோவிக்குக்குச் சொன்னாள். லூடோவிக் கட்டியிருந்த கைகளை அவிழ்த்தான்.

சாம்பவி எழுந்து வந்து கழற்றிய குழலைத் தகப்பனின் உள்ளங்கையில் வைத்தாள்.

"இதுக்குள்ளாலை ஒண்டும் வெளியிலை வராது, அப்பா," என்றாள். "காத்து உள்ளுக்குப் போறது மட்டும்தான்."

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் தோள்கள் குலுங்கின. மகள் அவரைப் பிடித்துக்கொண்டாள். பிறகு அவள் தாயிடம் திரும்பினாள்.

"ஏன் பொய் சொன்னனீங்கள்?"

"என்னோடை கோவிச்சால் ஒரு நாளைக்குத் திரும்பி வருவாய்," என்றாள் கௌரி. "அப்பாவோடை எண்டால் வரமாட்டாய்."

சாம்பவி எண்ணெய்க் கையோடு அவளைக் கட்டிப்பிடித்தாள். "அம்மா, என்னை மன்னியுங்கோ..."

கௌரி விலக்கவில்லை. ஆனால் மகளின் தலைக்கு மேலால் வயலைப் பார்த்தபடி சொன்னாள். "நான் ஓம் எண்ட உடனை நம்பிட்டாய், என்ன? ரெண்டு பேரும் நல்லாய்க் கேளுங்கோ. இனி இந்த வீட்டிலை ஒருத்தரின்ரை பிழையையும் நான் சுமக்கமாட்டன்."

அவள் சொன்னபடியே நடந்தாள். வீட்டில் யசோதா மச்சாள் தங்கையின் கதை முழுவதையும் கேட்டு அழுது, பிறகு கௌரியிடம் வந்து நின்றபோதும், "பரவாயில்லை மச்சாள்" என்று கௌரி சொல்லவில்லை. மச்சாள் சொல்லவேண்டியதைச் சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருந்து கேட்டாள்.

லூடோவிக் விமானத்தை விற்கவில்லை. குழலுக்கு ஒரு சிவப்புத் துணி உறை வாங்கினான். நிற்கும்போது மாட்டவேண்டும், பறக்கமுதல் கழற்றவேண்டும். அந்த வேலையை யாரும் இராஜேந்திரனிடம் கொடுக்கவில்லை, அவராகவே எடுத்துக்கொண்டார். அதற்குப் பின் இரண்டு கோடைகள்தான் அவர் உயிரோடு இருந்தார். ஒருநாளும் விமானத்தில் ஏறவில்லை. மகள் பறந்துபோனபின் அந்தச் சிவப்பு உறையைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு புல்லில் நிற்பார். கௌரி பக்கத்தில் நிற்பாள். முழுதாக மன்னித்துவிட்டாள் என்று சொல்லமுடியாது. விமானம் திரும்பிப் பணிந்து வரும் சத்தம் கேட்டதும், ஒவ்வொரு முறையும், அவர் கழுத்து தானாகக் குறுகும், முழங்கால் மடியப் பார்க்கும். ஆனாலும் குந்தமாட்டார். அண்ணாந்து, இறக்கைக்குக் கீழே பார்த்துக்கொண்டு, மகள் தரையில் இறங்கும்வரை நிற்பார்.