விரலுக்கு முன்னால்

2023 நவம்பர் 28, செவ்வாய்க்கிழமை, பின்லாந்தின் ஒவுலு நகரில் பிற்பகல் இரண்டரை மணிக்குச் சூரியன் மறைந்தது. மூன்று மணி பத்து நிமிடத்துக்கு, துய்ரா பகுதியில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் நான்காம் தளத்தில், இல்போ கர்வினென் தன் குறிப்பேட்டில் ஓர் எண்ணை எழுதினான்: கழித்தல் ஒன்று.

எழுதிய உடனே அடித்தான். அப்படியோர் எண் இருக்க முடியாது.

அவன் அளந்தது தாமதத்தை. வீடியோ விளையாட்டில் விரல் பொத்தானை அழுத்தும் கணத்துக்கும் திரையில் ஆள் தாவும் கணத்துக்கும் நடுவில் ஓடும் நேரத்தை. கன்ட்ரோலரின் பொத்தானோடு ஒரு சிவப்பு விளக்கைக் கம்பியால் இணைத்திருந்தான், அழுத்தினால் எரியும். விளக்கையும் திரையையும் ஒருசேர, நொடிக்கு ஆயிரம் படம் எடுக்கும் கேமரா பதிவு செய்யும். பிறகு உட்கார்ந்து எண்ண வேண்டியதுதான். கணக்கு ஃப்ரேமில், ஒரு ஃப்ரேம் என்பது நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு. 1988-இல் வந்த அசல் விளையாட்டுக் கன்சோலைப் பழைய குழாய்த் தொலைக்காட்சியில் மாட்டி அளந்தால் இரண்டு ஃப்ரேம். கணினியில் அந்தக் கன்சோலைப்போல நடிக்கும் எமுலேட்டர் மென்பொருள்களுக்கு ஐந்து, ஆறு, சமயத்தில் எட்டு.

தொலைபேசி நிறுவனமொன்றின் ஆய்வகத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் அளந்தவன் அவன். ஆய்வகத்தை மூடிய பிறகு ஒரு விளையாட்டு இதழில் அளவீட்டுப் பத்தி எழுதினான். அவன் எழுதிய எண்ணோடு இதுவரை எவரும் மல்லுக்கு நின்று வென்றதில்லை. அவனிடம் இருந்த சொத்து அது ஒன்றுதான்.

மற்றபடி அவனிடம் இருந்தது இளக்காரம். ஆயிரம் விளையாட்டுகளை ஓசியில் இறக்கிவைத்து எதையும் ஐந்து நிமிடத்துக்குமேல் ஆடாத எமுலேட்டர் கூட்டத்தின்மேல் இளக்காரம். அவர்களைப் பத்தியில் கள்ளநோட்டு அடிப்பவர்கள் என்றுதான் எழுதுவான். உள்ளங்கை அளவுக்குச் சுருக்கி மறுபடி விற்கப்படும் பழைய கன்சோல்களை வாங்கி, பெட்டியைப் பிரிக்காமல் அலமாரியில் வைத்துக் கண் கலங்கும் நடுவயதுக்காரர்கள்மேல் அதைவிட. "கையில் பிடித்தாலே அந்தக் காலம் வந்துவிடுகிறது" என்று எழுதும் விமர்சகர்களை அவன் மனிதர்களாகவே எண்ணவில்லை.

மேசைமேல் இருந்ததும் அப்படியொரு மறுபிறப்புப் பெட்டிதான். உள்ளே எமுலேட்டர் கிடையாது, பழைய சில்லையே இழை இழையாக மறுபடி செதுக்கியிருக்கிறோம் என்று அதன் அட்டை சொன்னது. ஐந்து ஃப்ரேம் வரும், நாலு வரியில் கிழித்துத் தொங்கவிடலாம் என்று இருந்தான். ஆனால் பதிவில் முதலில் ஆள் தாவினான். அதற்கு ஒரு ஃப்ரேம் கழித்துத்தான் விளக்கு எரிந்தது.

விளையாட்டு எளியது. ஆற்றில் மிதந்துவரும் மரக்கட்டைகளின்மேல் தாவித் தாவி ஒரு சிறு ஆள் அக்கரை சேர வேண்டும். சேர்ந்தால் அடுத்த ஆறு. யாரும் பொத்தானைத் தொடாவிட்டால் கரையிலேயே நின்று தலையை இடமும் வலமும் திருப்பிக்கொண்டிருப்பான். அவ்வளவுதான்.

பெட்டியை அணைத்து, மறுபடி போட்டான். கழித்தல் மூன்று. கம்பியை மாற்றினான், கேமராவை மாற்றினான், மறுபடி அணைத்துப் போட்டான். கழித்தல் ஒன்பது.

அவனுக்கு முதலில் வந்தது பயமல்ல, மகிழ்ச்சி. ஏமாற்றுக்காரர்கள் பிடிபட்டார்கள். கைசுவைத் தொலைபேசியில் கூப்பிட்டான். ஆய்வகத்தில் அவனுக்குப் பக்கத்து மேசையில் இருபது ஆண்டு இருந்தவள். மதிய இடைவேளைகளில் இதே விளையாட்டை அவனோடு முறைவைத்து ஆடியவள். இப்போது ஓய்வு நேரத்தில் எமுலேட்டர் எழுதுபவள். அதாவது அவன் கணக்கில் கள்ளநோட்டுக்காரி. உங்கள் ஆட்களின் தில்லுமுல்லு இதற்குள்ளும் புகுந்திருக்கிறது, பெட்டி என் விரலை ஊகித்து முன்னாலேயே ஓடுகிறது என்றான்.

கைசு எதையோ மென்றுகொண்டே பேசினாள். "முன்கூட்டி ஓட்டுறது எங்ககிட்ட உண்டுதான், இல்போ. ஆனா அது விளையாட்டோட சோம்பலைத்தான் குறைக்கும். நீ அழுத்தாத பொத்தானை அது எப்படிய்யா அழுத்தும்? உன் கேமராவுக்கு வயசாயிடுச்சு. இல்ல, உனக்கு."

"என் எண்ணு தப்பாகாது."

"ஆகாது சாமி. உலகம்தான் தப்பு. வெள்ளிக்கிழமை இதழ்ல போடு, ஊரே சிரிக்கட்டும்."

அன்று மாலை பெட்டியின் திருகுகளைக் கழற்றிப் பார்த்தான். நகக்கண் அளவில் ஒரு சில்லு, நாலைந்து மின்தடையங்கள், ஓர் ஈய உருண்டை. ஊகிக்கிற அளவுக்கு மூளையுள்ள எதுவும் அதில் இல்லை. பழைய கன்சோல்களில் சூடேறிய தூசியின் வாடை வரும்; இதிலிருந்து வந்தது நெடுநேரம் பிடித்திருந்த கன்ட்ரோலரில் வரும் வாடை, உள்ளங்கை வியர்வையின் மெல்லிய புளிப்பு. அட்டைப்பெட்டியிலிருந்து அன்றுதான் எடுத்த புதுச் சரக்கு அது. மூடித் திருகினான்.

புதன்கிழமை இடைவெளி இரண்டு நொடி. இனிக் கேமரா வேண்டியதில்லை, வெறுங்கண்ணுக்கே தெரிந்தது. ஆள் தாவுவான், இரண்டு நொடி கழித்து இல்போவின் கட்டைவிரல் அழுத்தும். அப்படியென்றால் அழுத்தாமல் இருந்தால்? இந்தக் கேள்வி கைசுவுக்குத் தோன்றுவதற்குள் தனக்குத் தோன்றியதே என்று ஓர் அற்பத் திருப்தியோடு, திரையில் ஆள் தாவியதைப் பார்த்து, விரலைப் பொத்தானுக்கு ஒரு நூல் மேலே நிறுத்தி, மூச்சைப் பிடித்தான். குளிர்பெட்டி முனகியது. கீழே பனி தள்ளும் வண்டி சாலையைச் சுரண்டிக்கொண்டு போனது. கூரையிலிருந்து ஒரு பாளம் பனி சரிந்து பால்கனியில் மொத்தென்று விழுந்தது, அவன் உடம்பு தூக்கிப்போட்டது.

விளக்கு எரிந்து அணைந்தது. பதிவை எண்ணிப் பார்த்தான். சரியாக இரண்டு நொடி. ஒரு ஃப்ரேம்கூடப் பிசகவில்லை.

அதோடு பிளக்கைப் பிடுங்கி, பெட்டியை இதழுக்கே திருப்பியனுப்பியிருக்கலாம். வேறு எவனும் அதைத்தான் செய்திருப்பான். ஆனால் அளக்காமல் எழுதுகிறவனும், அளந்ததை எழுதாமல் விடுகிறவனும் இல்போவுக்கு ஒரே சாதி. ஒவ்வொரு முறை அணைத்துப் போடும்போதும்தான் எண் வளர்ந்தது, போட்டபின் மாறவில்லை. ஆகவே ஒருமுறை போட்டுவிட்டு, அணைக்காமல், ஐந்து அளவீடு எடுப்பது என்று தீர்மானித்தான். ஐந்துக்குக் குறைந்தால் அச்சேற்றக்கூடாது என்பது அவனே வகுத்த விதி.

வியாழன் மதியம் ஒரு மணிக்குப் பெட்டியைப் போட்டான். கன்ட்ரோலரைத் தொடாமல் சமையலறைக்குப் போய்க் கம்பு ரொட்டியில் வெண்ணெய் தடவினான். கூடத்திலிருந்து தாவும் ஒலி கேட்டது. டுப். டுப். டுப்-டுப். கத்தியோடு வந்து நின்று பார்த்தான். யாரும் தொடாத கன்ட்ரோலர் மேசைமேல் கிடக்க, ஆள் ஆற்றைக் கடந்துகொண்டிருந்தான். மூன்றாவது கட்டையில் தேவையில்லாமல் ஒருமுறை கூடுதலாகத் தாவினான். இளவயதிலிருந்து இல்போவுக்கு உள்ள கெட்ட பழக்கம் அது. ஆடுவது அவன்தான்.

நிறுத்துகடிகாரத்தை அழுத்தினான். உட்கார்ந்தான், கன்ட்ரோலரை எடுத்தான். திரையைப் பார்க்காமல், கைக்கு வந்தபடி அழுத்தினான். மூன்றாவது கட்டைக்குரிய இரட்டை அழுத்தம் அவன் விரலில் வந்தபோது கடிகாரம் காட்டியது இருபது நிமிடம். மறுபடி அளந்தான். இருபது. நான்காவது முறையும் இருபது. நான்கையும் குறிப்பேட்டில் எழுதினான். எழுத்து அழகாகத்தான் இருந்தது.

ஐந்தாவது அளவீட்டுக்குக் காத்திருந்தபோது, மூன்று மணி ஆறு நிமிடத்துக்கு, திரையில் ஆள் நின்றான்.

கரையில் நின்று இடமும் வலமும் பார்த்தான். கட்டைகள் மிதந்து போயின. ஒரு நிமிடம். இரண்டு. இல்போவின் விரல் மட்டும் இங்கே அழுத்திக்கொண்டே இருந்தது, இருபது நிமிடத்துக்கு முந்திய தாவல்களை ஒவ்வொன்றாகத் தீர்த்துக்கொண்டிருந்தது. அவை தீரும் நேரம் அவனுக்குத் தெரியும். மூன்று இருபத்தாறு.

இடது கையால் கைசுவைக் கூப்பிட்டான். உடனே வரச் சொன்னான். குரல் எப்படி ஒலித்ததோ, அவள் கிண்டல் செய்யவில்லை. நூலகத்தின் பக்கம் இருப்பதாகவும் கால் மணியில் வருவதாகவும் சொன்னாள். அவன் நெஞ்சு சற்றுத் தணிந்தது. நிறுத்துவதற்கு ஆயிரம் காரணம் இருக்கலாமே. அவளுக்குக் கதவைத் திறக்க எழுவான். அல்லது காப்பி போடுவான். சாவு என்று நினைப்பது எமுலேட்டர் மன்றங்களில் கிடக்கும் மூடர்கள் செய்வது.

மூன்று பத்துக்கு ஆள் மறுபடி தாவினான்.

நிதானமாக. ஒவ்வொரு கட்டைக்கும் கடைசி நொடிவரை காத்திருந்து. மூன்றாவது கட்டையில் ஒரே ஒரு தாவல். அந்தக் கையை இல்போவுக்குத் தெரியும். இருபது ஆண்டு மதிய இடைவேளைகள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த கை.

கைசுவின் எண்ணுக்கு அடித்தான். ஓட்டும்போது எடுக்கமாட்டாள். மறுபடி அடித்தான். மணி அடித்துக்கொண்டே போனது. மூன்று பதினாறுக்கு அவள் ஆட்டமும் நின்றது. கரை. ஆள். இடம். வலம்.

மேசைக்கடியில் குனிந்து பிளக்கைப் பிடித்தான். பிடித்தபடியே இருந்தான். மூன்று முப்பதுக்கு கைசு ஆடப்போகிறாள் என்றால், மூன்று முப்பதுக்குப் பெட்டி ஓடிக்கொண்டிருக்கும். இப்போது பிடுங்கி, பிடுங்கியும் திரை அணையாவிட்டால்? அதைப் பார்க்கும் துணிவு அவனுக்கு இல்லை. கையை எடுத்தான். வலது கட்டைவிரல் இத்தனை நேரமும் நிற்கவேயில்லை.

கைசு மூன்று இருபத்திரண்டுக்கு வந்தாள். பூட்டாத கதவைத் திறந்து, காலணியைக் கழற்றிவைத்து, ஈரமான கம்பளிக் காலுறையோடு, குளிரையும் கூட்டிக்கொண்டு கூடத்தில் நுழைந்தாள்.

"யோவ், ஆளு நிக்கிறான், நீ பாட்டுக்கு அழுத்திட்டு இருக்க. பெட்டி செத்துடுச்சா?"

"கன்ட்ரோலரைத் தொடாத. எது நடந்தாலும் தொடாத, கைசு."

"எனக்கென்ன வேண்டுதலா? உன் அசல் சரக்கு எனக்கெதுக்கு." மேசைமேல் இருந்த குறிப்பேட்டைப் பார்த்தாள். படித்தாள். மறுபடி படித்தாள். "இருபது நிமிஷமா," என்றாள் மெதுவாக. "நீ சாப்பிட்டியா இன்னைக்கு?"

அவன் சொல்லத் தொடங்கினான். தன் ஆட்டம், நின்றது, அவள் ஆட்டம். சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. அவள் முகத்தில் இரக்கம் தெரிந்தது. கிண்டலைவிட அது சுட்டது. கடிகாரத்தைப் பார்த்தான். மூன்று இருபத்தைந்து. விரலைத் தூக்கிவிடலாம் என்று நினைத்தான். அழுத்தும்வரை உயிரோடு இருக்கிறேன் என்றும் நினைத்தான். தூக்கவில்லை.

டுப். வேறெங்கோ, இருபது நிமிடத்துக்கு முன்.

டுப்-டுப்.

விரல் நின்றது.

வலி இல்லை. விரல், கை, தோள், தாடை. ஒவ்வொன்றாக அணைந்தன. கண் மட்டும் மிச்சம். கைசு குனிந்தாள், கன்னத்தைத் தட்டினாள், அவன் பெயரைச் சொன்னாள். அவசர எண்ணுக்குக் கூப்பிட்டாள். முகவரி சொன்னாள். ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல், அவரை ஒருக்களித்துப் படுக்க வைங்க, கையில எதுவும் இருந்தா எடுத்துடுங்க என்றது.

கைசு அவன் மடியிலிருந்து கன்ட்ரோலரை எடுத்தாள். தள்ளிவைக்கத்தான் எடுத்தாள்.

மூன்று முப்பது.

அவள் கட்டைவிரல் பொத்தான்மேல் போனது. அவள் திரையைப் பார்க்கவில்லை. அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் முகவரியைத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தது. விரல் அழுத்தியது. காத்திருந்தது. அழுத்தியது. அது என்ன செய்கிறது என்று அவள் குனிந்து பார்த்தபோது பேச்சு நின்றது. தொடாதே என்று சொல்ல அவனுக்கு நாக்கு இல்லை.

ஆறு நிமிடம்.

பிறகு அவள் விரலும் நின்றது. பக்கத்து நாற்காலியில் அமர்ந்துபோய், நேராக, கண் திறந்தபடி. தரையில் கிடந்த தொலைபேசியில் அந்தக் குரல் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. இருக்கீங்களா. கேக்குதா. சாலையெல்லாம் பனி, கொஞ்சம் தாமதமாகும், கதவைத் திறந்தே வைங்க.

திரையில் கரை. ஆள். இடம். வலம்.

மூன்று முப்பத்தேழுக்கு அவன் தாவினான்.

தப்பாக. மிக முன்னதாக. தண்ணீரில் விழுந்தான், மறுபடி கரையில் தோன்றினான், மறுபடி விழுந்தான். பொத்தானைத் தடித்த கையுறையோடு அழுத்துவதுபோல, ஒன்றுக்கு மூன்றாக. இல்போவின் கை இல்லை. கைசுவின் கை இல்லை. இந்த விளையாட்டை வாழ்நாளில் தொட்டிராத யாரோ ஒருவருடையது.

மீட்பு வண்டி மூன்று ஐம்பத்தைந்துக்கு வாசலில் வந்து நின்றது. இருவர் மாடி ஏறினார்கள். கதவு பூட்டியிருக்கவில்லை.