துக்க வீட்டில் பில் கேட்டவள்

"பில் கொண்டு வாங்கன்னுதானே கேட்டேன்! அதுக்கு எதுக்குக் கையை ஓங்குறீங்க?"

"பில்லா...? ஏம்மா, மூளைன்னு ஒண்ணு வச்சிருக்கியா? எழவு வீட்டுல வந்து பில் கேக்குற!"

கத்தியது எதிர்வீட்டு கொன்செத்தா. அவள் வாயைத் திறந்தால் நேப்பிள்ஸ் துறைமுகத்தில் நிற்கும் கப்பல்கூடத் திரும்பிப் பார்க்கும்.

"எழவு... வீடா?"

மரைக்கேயின் முகம் வெளுத்தது.

ஹாலந்துக்காரி. ஐம்பது வயது. விவாகரத்தானவள். நேப்பிள்ஸ் மேல் அப்படியொரு பைத்தியம். இது நாலாவது தடவை. கோட்டை பார்த்தாயிற்று, பேர் போன பீட்சாக் கடைகளில் கால் கடுக்க நின்றாயிற்று. இந்தத் தடவை டூரிஸ்ட் யாருக்கும் தெரியாத இடமாகப் பார்க்கவேண்டும், போர்டு இல்லாத ஹோட்டலில் சாப்பிடவேண்டும் என்று கிளம்பியவள்...

எங்கள் சந்துக்குள் நுழைந்துவிட்டாள்!

வாசலில் நீள மேஜை. சுற்றிலும் உள்ளூர் ஜனம். மணக்க மணக்க வீட்டுச் சாப்பாடு. சுவரில் கறுப்பு பார்டர் போஸ்டர். அதில் கொட்டை எழுத்தில், 'சவேரியோ'.

ஹோட்டல் பெயர் என்று நினைத்துவிட்டாள், பாவம்.

அது செத்தவர் பெயர்!

பெரியவர் சவேரியோ உள் அறையில் கோட்டும் டையுமாக, மெழுகுவர்த்திகளுக்கு நடுவே நீட்டிப் படுத்திருந்தார். ராத்திரி சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. இதயம் என்றார் டாக்டர். துக்க வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள். சமையலறைப் பக்கம் யாரும் போகவில்லை. அக்கம்பக்கம்தான் சமைத்துக் கொண்டுவந்தது.

"தூரத்துச் சொந்தம்னு நெனச்சு நான் வேற ரெண்டு தடவை வைன் ஊத்தினேனே..." என்றார் கஃபியேரோ. பக்கத்து வீடு. மனைவியை இழந்தவர். உத்தியோகம், போலீஸ் இன்ஸ்பெக்டர்.

"ஊத்துவே! பொம்பளையைப் பாத்தா பாட்டில் தானா சாயும்!" என்றாள் கொன்செத்தா.

"மன்னிச்சிடுங்க... நான் கிளம்பறேன்..."

மரைக்கே கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தாள். நிலம் பிளந்தால் உள்ளே போய்விடத் தயார். யாரும் அந்தப் பையைப் பார்த்துவிடக்கூடாது... அது மட்டும்தான் அவள் வேண்டுதல்!

"ஒரு நிமிஷம்!"

வாசலில் லெல்லோ. செத்தவரின் அண்ணன் மகன். விடிந்ததிலிருந்து பிணத்தின் காலடியில் அழுதுகொண்டிருந்தவன். அந்த வீட்டை டூரிஸ்ட்களுக்கு வாடகை அறைகளாக்க ரெண்டு வருஷமாய் அலைந்தான். "என் கண்ணு மூடினப்புறம் என்னமோ பண்ணித் தொலை" என்றிருந்தார் கிழவர்.

"சமையலறையில ஒரு கத்தரிக்காய்த் தட்டு மூடி வச்சிருந்தேன். எங்கே?"

"நல்லா இருக்குடா! சித்தப்பா பொணம் உள்ளே கிடக்கு, இவனுக்குக் கத்தரிக்காய்க் கவலை!" என்றாள் கொன்செத்தா.

"எங்கேன்னு கேட்டேன்!"

மரைக்கேயின் கண்ணில் நீர் முட்டியது.

"நான்தான்... பாத்ரூம் தேடிப் போனேன். ரகசியமா மூடி வச்சிருந்துச்சு. கடையோட ஸ்பெஷல்னு நெனச்சு... சாப்பிட்டுட்டேன்."

லெல்லோ பாய்ந்தான்!

"துப்பு! வாந்தி எடு! ஏய், உப்புத்தண்ணி கொண்டாங்க! ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கய்யா!"

மேஜையைச் சுற்றி எல்லோரும் கரண்டியைக் கீழே வைத்தார்கள்.

கஃபியேரோ வாயை நிதானமாகத் துடைத்துக்கொண்டார்.

"ஏண்டா லெல்லோ... கத்தரிக்காய்க்கு எதுக்குடா ஆம்புலன்ஸ்?"

"அது... நேத்து வச்சது... ஊசிப்போச்சு..."

"நேத்து யாருக்கு வச்சது?"

லெல்லோ சுற்றுமுற்றும் பார்த்தான். சட்டென்று மரைக்கேயைக் காட்டினான்.

"விஷம் வச்சேன்னு சொல்றீங்களா சார்? அப்படின்னா இவங்க இந்நேரம் சுருண்டு விழுந்திருக்கணுமே! குத்துக்கல்லாட்டம் நிக்கிறாங்க பாருங்க!"

நியாயம்தான். அத்தனை தலைகளும் மரைக்கே பக்கம் திரும்பின.

அவள் வாய்விட்டு அழுதாள்.

"நான்... சாப்பிடல."

பையைத் திறந்தாள். உள்ளே ஒரு பிளாஸ்டிக் டப்பா. அதில் சீஸ் உருகிய கத்தரிக்காய். ஒரு வாய் குறையவில்லை!

"ராத்திரிக்கு ஆகுமேன்னு எடுத்துக்கிட்டேன். திருடினேன்னு சொல்ல அசிங்கமா இருந்துச்சு. சாப்பிட்டேன்னு சொன்னா ஒரு மன்னிப்போட போயிடும்னு..."

லெல்லோ ஓடினான். கொன்செத்தாவின் சூப் பாத்திரம் தடுக்கி விழுந்தான்.

கிழவரின் இதய மாத்திரைகளையே பொடித்துக் கலந்திருந்தான், அவர் ராத்திரி சாப்பிட்ட மிச்சம்தான் அந்தத் தட்டு என்று பிறகு தெரிந்தது. காலையிலிருந்து அவனைக் கட்டிக்கொண்டு அழுத நாங்கள் யார் முகத்தில் விழிப்பது? அவன் கண்ணீரைத் துடைத்த கைக்குட்டையைக் கொளுத்திய கொன்செத்தா, மிலானில் இருக்கும் மகள் வீட்டுக்கே போய்விட்டாள்.

சாட்சி சொல்ல வந்த மரைக்கேயை வருகிற போகிற இடமெல்லாம் கஃபியேரோதான் கூட்டிப்போனார். அடுத்த வசந்தத்தில் கல்யாணம். இப்போது எங்கள் சந்தில்தான் குடித்தனம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வாசலில் மேஜை போட்டால், "இது ஹோட்டலா?" என்று எவனாவது டூரிஸ்ட் எட்டிப் பார்ப்பான். மரைக்கே உட்காரவைத்துச் சோறு போடுகிறாள். பில் கேட்பதில்லை.

போகும்போது பையை மட்டும் திறந்து காட்டச் சொல்கிறாள்!