கூடு மட்டும் பாக்கி

சகலை தொண்டையைச் செருமினார். அது சாதாரணச் செருமல் இல்லை. கிளம்பினால் தெருமுனையில் படுத்திருக்கும் நாய் எழுந்து, திரும்பிப் படுத்துக்கொள்ளும். கீழ்வீட்டு மருந்துக்கடைக்காரர் வழக்கம்போல அண்ணாந்து மாடியைப் பார்த்தார். பார்த்த பிறகுதான் உறைத்தது: சகலை காலையிலேயே வெளியே போயிருந்தார். செருமல் வந்தது மேஜைக்கு அடியிலிருந்து, தன் கம்ப்யூட்டருக்குள்ளிருந்து.

“ஃபேன்ல தூசி,” என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

அக்காளைக் கட்டியவர் மாடியில், தங்கையைக் கட்டியவர் கீழே. இரண்டு பேரும் ஒரே நாளில் ஒரே மாதிரி கம்ப்யூட்டர் வாங்கி, கார் பந்தயம் ஆட ஆரம்பித்தார்கள். சகலைக்குக் கை சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு பாகமாகக் கழற்றிப் புதுசு மாட்டினார். அவர் திரையில் மழை பெய்தால் ஒவ்வொரு துளியிலும் வானம் தெரியும். மருந்துக்கடைக்காரர் திரையில் பெய்தால் யாரோ மாவு சலிப்பது போலிருக்கும். அதைப் பார்த்து அவர் வயிறு எரிந்த எரிச்சலுக்குக் கடையிலிருந்த மருந்தையெல்லாம் குடித்தாலும் பத்தாது. குடித்தும் பார்த்தார்.

சகலை தாராள மனசுக்காரர். கழற்றிய பாகத்தைக் கீழே கொண்டுவந்து கொடுப்பார். ஒரே ஒரு நிபந்தனை.

“உங்களோட பழசை எனக்குக் குடுத்துடணும் சகலை. ஒண்ணுக்கு ஒண்ணு.”

“அந்தக் குப்பை எதுக்கு சகலை உங்களுக்கு?”

“குப்பையா? எவ்வளவு காலம் உங்க சூட்டுல இருந்தது!”

இவரும் அவரைச் சகலை என்பார், அவரும் இவரைச் சகலை என்பார். பக்கத்து அறையில் இருந்து கேட்டால் யார் யாரிடம் பேசுகிறார் என்றே தெரியாது.

முதலில் ஃபேன் வந்தது. பிறகு ரேம் என்கிற ஞாபகச் சில்லு. அதை மாட்டிய வாரம், தான் படிக்காத ஒரு பள்ளிக்கூடத்தின் ஈரச் சாக்பீஸ் வாசனையும், தன்னை அடித்திராத ஒரு வாத்தியாரின் பிரம்புச் சத்தமும் மருந்துக்கடைக்காரருக்கு ஞாபகம் வந்தன. பிறகு கிராபிக்ஸ் கார்டு. மழைத்துளியில் வானம் தெரிந்தது. ஆனால் கடையில் மருந்துச் சீட்டு அவர் கண்ணுக்கு மங்கியது. சகலையின் பழைய மூக்குக்கண்ணாடி கச்சிதமாகப் பொருந்தியது. “சிரிப்புகூட அத்தான் மாதிரியே வருதுங்க உங்களுக்கு,” என்று மனைவி சொன்னபோது அவர் கால் தரையில் பாவவில்லை.

போன வாரம் ஹார்ட் டிஸ்க்கும் மாறியது. அப்போதுதான் அவள் வேறொன்று சொன்னாள்.

“அத்தான் இப்பல்லாம் உங்களை மாதிரியே செருப்பைத் தேய்ச்சு நடக்கறாரு. கல்யாணமான புதுசுல நீங்க எனக்கு வச்ச செல்லப்பேரு இருக்கில்ல, அதைச் சொல்லிக் கூப்பிடறாருங்க! அவருக்கு எப்படித் தெரிஞ்சுது?”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். கன்னம் சிவந்திருந்தது. அந்தச் சிவப்பு அவருக்குள் ஆணியாக இறங்கியது. அதைவிட ஆழமாக இறங்கியது வேறொன்று. அந்தச் செல்லப்பெயர் என்ன என்று யோசித்துப் பார்த்தார். வரவில்லை.

மேஜைக்கு அடியில் மறுபடியும் செருமல்.

பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினார். உள்ளிருந்து வெதுவெதுப்பாகக் காற்று வந்து முகத்தில் பட்டது, தூங்குகிறவரின் மூச்சைப் போல. சகலை பூசும் பவுடர் வாசனை. விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். எதுவும் தன்னுடையது இல்லை. சகலத்திலும் சகலை. வெளிப்பெட்டி மட்டும் மிச்சம். அதைச் சகலை எப்போதும் ‘கூடு’ என்றுதான் சொல்வார்.

வாசலில் செருப்புத் தேயும் சத்தம்.

தன் நடை.

கதவு திறந்தது. சகலையின் முகம். கையில் ஸ்குரூடிரைவர்.

“இனிமே கூடு மட்டும்தான் பாக்கி சகலை.”

குரல் மருந்துக்கடைக்காரருடையது.

வந்தவர் பெட்டியைப் பார்க்கவே இல்லை. இவரைப் பார்த்தார். கழுத்திலிருந்து கால்வரை. நிதானமாக. சட்டைக்கு அளவெடுப்பது போல.

பிறகு அடுக்களைப் பக்கம் திரும்பி, அந்தச் செல்லப்பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

“இதோ வந்துட்டேங்க!” என்றாள் அவள், சிரித்துக்கொண்டே.

வராதே என்று கத்த மருந்துக்கடைக்காரர் வாயைத் திறந்தார். வந்தது செருமல்.

தெருமுனையில் நாய் எழுந்து, திரும்பிப் படுத்துக்கொண்டது.