ஒருவரும் எழுதாத வரி

டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் ரயில் நிலையத்திலிருந்து அக்கா துஷாரா பெட்டியை இழுத்துவர, அக்கா வீட்டில் இருந்த ஒரு மாதத்துக்குப் பிறகு மேனுஜா தன் வீட்டுக் கதவைத் திறந்தாள். பூட்டிக் கிடந்த அறைகளில் சப்பாத்து மணம் அடைத்துக் கிடந்தது. கணவன் தாரகன் கழற்றிவைத்த சப்பாத்து. போன மாதம் அவன் வேலைக்குச் சைக்கிளில் போன வழியில் லொறி மோதிச் செத்திருந்தான்.

அவனுடைய முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு நினைவு மலர் அடிக்கிறார்கள். மனைவியின் அஞ்சலி மாலை நாலு மணிக்குள் அச்சகத்துக்குப் போய்ச் சேர வேண்டும்.

“இணையத்தில ஆயிரம் அஞ்சலி கிடக்கு. பேரை மாத்திப் போடு,” என்றாள் துஷாரா. “உன்ர மனுசன் எழும்பி வந்தே பிழை பிடிக்கப் போறார்?”

மேனுஜா சிரிக்கவில்லை. கல்லூரி ஒன்றில் மாணவர்களின் கட்டுரைகளில் பிரதியெடுத்த வரிகளைக் கண்டுபிடிப்பதுதான் அவள் வேலை. தாரகனுக்கு ஓர் இரவல் வரிகூட வேண்டாம் என்று தானே எழுதினாள்.

‘ஒரே கோப்பைத் தேநீரை இருவரும் குடித்தோம். இப்போது பாதி மிஞ்சுகிறது.’

பழக்கதோஷத்தில் அதை வேலையிடத்து மென்பொருளில் போட்டுப் பார்த்தாள். வரிகள் சிவந்தன.

நூறு வீதம் பிரதி.

மூலம், இணையத்தில் திறந்து கிடந்த ஓர் ஆவணம். எழுதியவர் தாரகன். இரண்டு வருடங்களுக்கு முன், அவளுக்குப் புற்றுநோய்ச் சத்திரசிகிச்சை நடந்த கிழமையில் எழுதியது. அவள் தப்பமாட்டாள் என்று பயந்து, அவளுக்காக அவன் எழுதிவைத்த அஞ்சலி. அவளுக்கு ஒருநாளும் காட்டாதது.

அதே கோப்பை. அதே பாதி. பெயர் மட்டும் மேனுஜா.

அவள் வெகுநேரம் அழுதாள். வெளியே மூன்று மணிக்கே இருட்டிக்கொண்டு வந்தது. எழுதியதை அழித்துவிட்டு, ஒருவருக்கும் சொல்லாத ஒன்றை எழுதினாள்.

‘கடைசிக் காலை, போயிட்டு வாறன் என்றாய். கோபத்தில் நித்திரை போலக் கிடந்தேன்.’

நூறு வீதம்.

அதே ஆவணம். அடியில் அந்த வரி புதிதாக இருந்தது. கடைசியாகத் திருத்தியது: ஒரு நிமிடத்துக்கு முன்.

குசினியில் அக்கா தேநீருக்கு வைத்த தண்ணீர் கொதிக்கிற சத்தம் கேட்டது.

“அக்கா,” என்று கூப்பிட்டாள். “இவற்ர போன் எங்க?”

“பொலிஸ் தந்த பையிலதான். நொருங்கிப் போச்செல்லே. ஏனடி?”

“ஒண்டுமில்லை.”

திரையின் மூலையில் ஒரு சிறிய குறிப்பு தெரிந்தது. இப்போது இந்தப் பக்கத்தில் இருப்பவர்கள்: இருவர்.

அவள் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள்.

அவனுடைய பக்கத்தில் எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன. அவன் தட்டெழுதுவதைப் போலவே, மெதுவாக.

‘நீ முழிச்சிருந்தது தெரியும், மேனு. கூப்பிடுவாய் எண்டு வாசலில நிண்டனான்.’

அதற்குக் கீழே இன்னொரு வரி வந்தது.

‘இப்பவும் நிக்கிறன்.’